ஒரு காசுப் பத்திரிகையும் சிவப்புக் கார்டும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் சிங்கப்பூர் போயிருந்தோம். சிராங்கூன் சாலையில் கால் வைத்தால் தேக்கா சந்தைக்குள் நுழையாமல் திரும்புகிற பழக்கம் நமக்குக் கிடையாது. கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது ஒரு வாலிபர் எதிரே வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நீங்கதானே தோட்டத்துப் பகுதி எழுதறவங்க?" என்றார். ஆமாம் என்றோம். குலாய்ப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வந்து, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அன்றைக்கு ஓவர்டைம் முடித்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணே, எங்க அப்பா என்னோட பேசி மூணு மாசம் ஆச்சு" என்று ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். தோட்டத்து மாரியம்மன் கோயில் கூரை ஒழுகுகிறது. திருவிழாவுக்குள் மாற்றவேண்டும் என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் தகப்பனார்தான் கோயில் பொருளாளர். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பேசிக்கொண்டிருக்கும்போது நம்ம தம்பி எழுந்து நின்றாராம். "நாம இருக்கிற லயமே நமக்குச் சொந்தமில்ல. நாளைக்குத் தோட்டத்தை வித்தா தெருவுல நிக்கணும். இதுல அம்மனுக்கு எதுக்குப் புதுக் கூரை? இத்தன வருசமா ஓட்டுப் போட்டீங்களே, என்னா கிடைச்சிச்சி? அரிசி மூட்டதானே! மாடு கூட புல்லு நல்லா இல்லேன்னா தலைய திருப்பிக்கும். சொந்த வீட்டுக்குக் கிராண்டு கையில வர்ற வரைக்கும் எந்தக் கட்சிக்கும் ஓட்டு இல்லேன்னு தோட்டத்து முகப்புல போர்டு எழுதி மாட்டுவோம்!"

கூட்டம் கலைந்துவிட்டது. ஒரு பெரியவர், "ஆத்தா கூரைய வேணாங்கிறவன் வாயில மண்ணு விழ" என்று சாபம் விட்டுப் போனாராம். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் போனவர்தான்.

"நான் சொன்னதுல என்னாண்ணே தப்பு?" என்று கேட்டார் தம்பி.

தோழர்களே, அவர் கேட்டதற்கு அங்கேயே நாம் பதில் சொல்லிவிடவில்லை. எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடுவதில்லை என்பது நமக்கு உடன்பாடில்லை. கையிலிருக்கும் ஒரே ஆயுதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிற கதை அது. ஆனால் வீட்டைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர்களும், செம்பனைக் குலை சுமந்தவர்களும், தோட்டம் கை மாறினதும் மூட்டை முடிச்சோடு பட்டணத்து ஓரத்துக்குப் போன கதையை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! இந்த நியாயம் ஏன் அந்தக் கூட்டத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை? அம்மன் கூரையும் மாடும்தான் ஏறின. வீடு ஏறவில்லை.

இதை யோசித்துக்கொண்டே அன்று மாலை சிராங்கூன் சாலையில் நடந்தபோது நமக்கு கோ. சாரங்கபாணி நினைவுதான் வந்தது. இளைய பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பாட்டனார் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

திருவாரூரில் 1903-ல் பிறந்தவர். 1924-ல் சிங்கப்பூர் வந்து கணக்கெழுதும் வேலை பார்த்தவர். தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போ மாநாட்டில் பேசி, சிங்கப்பூருக்கும் போனார். அந்தக் காலத்தில் அது சாதாரண சங்கதியா? கடவுள் இல்லை என்பவர் வருகிறார், உள்ளே விடாதே என்று நம்மவர்களிலேயே ஒரு சாரார் கூச்சல் போட்டார்கள். அந்தக் காற்று அடித்ததில் எழுந்ததுதான் சிங்கப்பூர்த் தமிழர் சீர்திருத்தச் சங்கம். சாரங்கபாணி அதில் முன்னணியில் நின்றார். சாதி வேண்டாம், புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய், அலகு குத்திக் காவடி எடுக்காதே, தீ மிதிக்காதே, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே. இப்படி ஒவ்வொன்றும் அன்றைய சனங்களின் காதுக்குக் கசப்பான பேச்சு.

1935 ஜூலை 6-ஆம் தேதி 'தமிழ் முரசு' பிறந்தது. விலை ஒரு காசு. நினைத்துப் பாருங்கள், ஒரு காசு! சுருட்டுக் குடிக்கிற கிழவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் யோசிக்காமல் வாங்குகிற விலை. 1937-ல் அது நாளிதழும் ஆகிவிட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் அஞ்சடியில் உட்கார்ந்து படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்தக் காலத்து வழக்கம். கேட்டவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடுகிறவர்கள்தான். நெற்றி நிறைய திருநீறோடு சுயமரியாதைக்காரர் பத்திரிகையைக் கேட்டார்கள்.

எப்படி இது நடந்தது? நாம் இதைப் பலமுறை யோசித்திருக்கிறோம். காவடியையும் தீமிதியையும் எதிர்த்து அவர்கள் போட்ட போரில் வென்றார்களா என்றால், இல்லை. இன்றைக்கும் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குக் காவடி போகிறது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறார்கள். நேருக்கு நேர் மோதிய இடத்தில் சனங்கள் தங்கள் சாமியை விடவில்லை. சாரங்கபாணிக்கு அது புரிந்திருக்க வேண்டும். 1952-ல் அவர் முன்நின்று தொடங்கியது தமிழர் திருநாள். பொங்கலை ஒட்டிய நாள். இந்து வரலாம், முஸ்லிம் வரலாம், கிறிஸ்துவர் வரலாம், சாமியே இல்லை என்பவரும் வரலாம். சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டும் என்பது இருபது வருஷமாக அவர் சொல்லிவந்த அதே கருத்துத்தான். ஆனால் இப்போது அதற்காக யாரும் எதையும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பந்தலுக்கு வந்தால் போதும். அந்தத் திருநாள் சிங்கப்பூரோடு நிற்காமல் மலாயாவிலும் பரவியது. பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டியும், பாட்டும், விளையாட்டுமாக நடந்ததைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வதை நாம் கேட்டிருக்கிறோம். இன்று தை மாதம் கேம்பல் லேனில் மாடு கட்டிப் பொங்கல் வைக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்த மனிதரின் ஞாபகம்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதி இல்லை என்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாதியில் பெண் பார்த்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சாரங்கபாணி ஒரு சீனப் பெண்ணை மணந்து வாழ்ந்தார். இது பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் "ஊருக்கு உபதேசம் பண்றான்" என்று அவரைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியவில்லை.

சரி, இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம். குடியுரிமை.

ஐம்பதுகளில், "இந்த நாட்டைச் சொந்த நாடாக எடுத்துக்கொள்" என்று சொல்வதுதான் நம்மவர்களிடையே எல்லாவற்றிலும் புரட்சியான பேச்சு. இன்றைக்கு இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று அப்படியில்லை. கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போய் நிலம் வாங்கிச் சாகவேண்டும் என்பதுதான் எல்லாரின் நெஞ்சிலும் இருந்தது. "பெத்த தாய மறந்துட்டு மாத்தாந்தாய் கையெழுத்துப் போடச் சொல்றான்" என்று ஏசினவர்கள் இருந்தார்கள். அந்தந்த நாட்டுக்கே விசுவாசமாக இருங்கள் என்று நேருவே சொன்ன பிறகும் மனது கேட்கவில்லை.

1957-ல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. பல ஆண்டு குடியிருந்தவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று கதவு திறந்தது. சாரங்கபாணி முரசில் எழுதினார், கூட்டங்களில் பேசினார், படிப்பறியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஏற்பாடும் செய்தார். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறையில் தமிழுக்கே இடம் வேண்டும் என்று போராடி, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி. கூலிக்காரரின் வெள்ளியும் அதில் விழுந்தது. தமிழுக்காக மடியேந்தி நின்ற அதே மனிதர் மறுவருஷம் வந்து, "கையெழுத்துப் போடு, இந்த நாடு உன் நாடு" என்கிறார். தாயை மறக்கச் சொல்கிறான் என்று அவரை எப்படி ஏசுவது? வேறொருவர் சொல்லியிருந்தால் செருப்பு பறந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள், தோழர்களே. 1957 ஆகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் அடைந்தது. அதற்கு முன்னாலிருந்தே இங்கிருந்த தோட்டத்துச் சனங்கள் விண்ணப்பம் போட்டுத்தான் குடியுரிமை வாங்கவேண்டியிருந்தது. எத்தனை பேர் போட்டார்கள்? பட்டணத்துக்குப் போய்ப் பாரம் நிரப்ப ஒருநாள் கூலி போகும். பிறப்புப் பத்திரம் கிடையாது. மலாய் பேசிக் காட்டவேண்டும். "அதான் ஊருக்குப் போகப் போறோமே, எதுக்கு இது?" என்ற நினைப்பு வேறு. சொல்ல வந்தவர்களும் எப்படிச் சொன்னார்கள்? கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கிராணி வீட்டு வாசலில் நின்று, அரைமணி நேரம் சட்டம் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சனங்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்களாம்.

அதன் பலன் 1969-க்குப் பிறகு தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் கெடுபிடியானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை, பார்த்தே இராத ஊருக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகாமல் தங்கியவர்களில் சிலர் இன்றும் சிவப்புக் கார்டோடு கிழவன் கிழவியாக இருக்கிறார்கள். ஓட்டில்லை, உதவித் தொகைக்குப் போனாலும், "நீங்க வாருகா நெகாரா இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு நல்ல கருத்து காதில் ஏறாமல் போனதால் அறுபது வருஷம் நீண்ட கஷ்டம் இது. கேட்காதவர்களை மட்டும் நாம் குற்றம் சொல்லத் தயாரில்லை. சொன்னவர்கள் ஏன் சொல்லத் தெரியாமல் சொன்னார்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆனால் தோட்டத்துக்கு வந்து சொல்லத் தெரிந்து சொன்னவரும் ஒருவர் இருந்தார். சைக்கிள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுகிறோம். 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் தொழிலாளர் பக்கம் நின்றார். வெள்ளைக்காரன் ஆட்சியில் தோட்டத்தில் சங்கம் வைப்பதே பெரிய அரசியல். ஆனால் அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் வாலாட்டாதே, பிள்ளைக்குப் படிப்புக் கொடு. கூடவே இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கமாட்டோம். ஏகாதிபத்தியம் என்ற சொல் தெரியாத மனிதனுக்கும் சைக்கிளை விட்டு இறங்கும்போது முகம் சுருங்குவது தெரியுமல்லவா? அங்கே தொட்டார்கள். ஆயிரக்கணக்கில் சனங்கள் எழுந்தார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் நம்மவர்கள் செத்தார்கள். அந்தப் போராட்டம் அடக்கப்பட்டது. ஆனாலும் சைக்கிள் விவகாரத்தைத் தோட்டத்தில் மறந்தவர் கிடையாது.

சிங்கப்பூரிலேயே இன்னொருவர் உண்டு. ஜே. பி. ஜெயரத்தினம், யாழ்ப்பாணத் தமிழ் வழி வந்த வழக்கறிஞர். 1972-ல் பேரர் பார்க் தொகுதியில், அதாவது நம்ம தேக்காவுக்குப் பக்கத்திலேயே, எதிர்க்கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். அதற்குப் பிறகு நான்கு முறை வேறு வேறு தொகுதிகளில் நின்று தோற்றார். தோட்டத்துக் கிராணி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்த தேவன் நாயர் 1981-ல் அதிபரானதும் ஆன்சன் தொகுதி காலியானது. இவர் நின்றார், 653 ஓட்டில் வென்றார். தனி நாடான பிறகு சிங்கப்பூரில் தேர்தலில் ஜெயித்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினர். ஐந்து தடவை கேட்காத சனங்கள் ஆறாம் தடவை ஏன் கேட்டார்கள்? அங்கே துறைமுகக் குடியிருப்பில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டிய கவலையில் இருந்தார்கள். முடிவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பிற்பாடு பேசப்பட்டது. ஜனநாயகம், உரிமை என்று அவர் எப்போதும் சொன்னதைத்தான் அப்போதும் சொன்னார். வீடு போகப் போகிறவனுக்கு அது தன்னுடைய பேச்சாகக் கேட்டது. அவருடைய கட்சிக்கு நாம் பரிந்து பேசுகிறோம் என்று நினைக்கவேண்டாம். அது அந்த நாட்டுக்காரர் பாடு.

பேச்சோடு பேச்சாக, பாலம் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஹாங் லிம் பூங்காவில் 2000 செப்டம்பர் முதல் பேச்சாளர் முனை இருக்கிறது. அங்கே மேடை ஏறும் உரிமை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான். நம் நாட்டுத் தேர்தல் முடிவை எதிர்த்து 2013 மே 11-ல் மெர்லயன் பூங்காவில் கூடிய மலேசியர்கள் 21 பேரைப் போலீஸ் பிடித்தது. வேலை பெர்மிட்டுக்கே ஆபத்து வந்தது. ரோஷத்தில் அங்கே எதையும் ஆரம்பித்துவிடாதீர்கள். நம் கருத்தை நம் தோட்டத்தில், நம் சனங்களிடம் சொல்ல எவன் தடுக்கிறான்?

நிற்க. தேக்காவில் உட்கார்ந்திருந்த தம்பியை மறந்துவிடவில்லை. மேலே எழுதியதில் பாதியை அவரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்ப நான் கூரைக்குக் காசு குடுக்கணுமாண்ணே? எனக்கு நம்பிக்கை இல்லையே" என்றார்.

நம்பிக்கை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உங்கள் அம்மா அந்தக் கோயிலில்தானே உங்களுக்கு மொட்டை போட்டாள் என்று கேட்டோம். தோட்டம் விற்றால் கோயிலும்தானே போகும்? கோயில் இருக்கிற நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பொருளாளரான உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டோம். தம்பி நிமிர்ந்து பார்த்தார். தெரியாது என்றார். அவருக்கும் தெரியாதாம், யாருக்கும் தெரியாதாம்.

"அங்கேயிருந்து ஆரம்பிங்க" என்றோம். கூரை மாற்றுவது சரி, நிலத்துக்குப் பத்திரம் இருக்கா என்று கூட்டத்தில் ஒரு கேள்வி. திட்டாமல், மாட்டை இழுக்காமல், ஒரே ஒரு கேள்வி. கோயில் நிலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், அரைமணி நேரத்தில் பேச்சு லயத்துக்கு வரும். அதை நீங்கள் இழுத்துக்கொண்டு வரவேண்டியதில்லை, சாபம் விட்ட அந்தப் பெரியவரே இழுத்துக்கொண்டு வருவார். அவருக்கும் அறுபது வயசுக்கு மேலே ஆகிறது, போக வீடில்லை. ஓட்டுப் போடாதே என்ற பேச்சை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் மனசுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னோம். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல நான் மாறமாட்டேண்ணே" என்றார். மாறவேண்டாம், அதற்கு முன்னால் அப்பாவிடம் பேசுங்கள் என்றோம்.

"அவரு பேசமாட்டாரே?"

"நீங்க போய்க் கணக்குப் புத்தகத்தை வாங்கி, வசூலை எழுதிக் குடுங்க. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொன்னீங்களே."

தம்பி சிரித்தார். கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, பக்கத்துக் கடையில் அப்பாவுக்கு மைசூர்பாகு கால் கிலோ கட்டச் சொன்னார். பாலத்தில் கூட்டம் சேருவதற்குள் போகவேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினார். அடுத்த கோயில் கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிறு. என்ன நடந்தது என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதம் வந்தால் இதே பகுதியில் போடுவோம்.